பேத்தியின் நாடு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழாவில் பேச வருவோர் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவதே நம் வழக்கம். செயலாளர் அவர்கள் என் வீட்டுக்கு வந்து அழைத்தபொழுது, நானும் அப்படி ஒரு தலைப்பைத் தருவேன் என்றுதான் எண்ணியிருப்பார். "பிறப்பைப் பதிவு செய்வது பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். சற்றே திகைத்தார். காரணத்தைக் கூறினேன். கேட்டு முடித்தபின், "அதையே பேசுங்கள்" என்று சொல்லிச் சென்றார். அவர் மகனும் வெளிநாட்டில் இருக்கின்றான் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பந்தலில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேருடைய பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர் என்று கையை உயர்த்தச் சொன்னால், உயராத கைகளை எண்ணுவது எளிதாக இருக்கும். நம் தந்தையர் பட்டாளத்தோடும் இரயிலோடும் செகந்தராபாத்துக்கு வந்தனர். நாம் திருமலகிரியிலும் பொலாரத்திலும் அல்வாலிலும் இந்த லோத்குண்டாவிலும் வீடு கட்டிக்கொண்டோம். நம் மக்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் போயினர். போன இடத்தில் வேற்று நாட்டுக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தும் கொள்கின்றனர். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இருவருக்கும் மூன்றாவதாக ஒரு நாட்டில் குழந்தை பிறந்தால், அக்குழந்தை எந்த நாட்டைச் சேர்ந்தது? நான் பேச வந்தது அந்தக் கேள்வியைத்தான். அக்கேள்வி என் பேத்தியின் தொட்டிலருகே வந்து நின்ற பின்பே அதற்கு விடை தேடினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

சான்று தேடி அலைவது நம்மவர்க்குப் புதிது அன்று. முதியோருக்கு முல்கி விதிகள் நினைவிருக்கும். 1919-இல் நிஜாம் அரசு வகுத்த விதிகள் அவை. ஹைதராபாத் சமஸ்தானத்தில் அரசுப் பணி வேண்டுமானால் முல்கியாக, அதாவது இந்நாட்டவனாக, இருத்தல் வேண்டும். பிறப்பால் ஆகாதவன் பதினைந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டேன் என்று உறுதிமொழியும் தரவேண்டும். என் தமையனுக்கு அந்தச் சான்று வாங்க என் தந்தையார் நடந்த நடையை நான் சிறுவனாகப் பார்த்திருக்கின்றேன். பொங்கல்தோறும் ஆர்க்காட்டுப் பக்கம் போய்க் குலதெய்வத்தைக் கும்பிட்டு வருகின்ற மனிதர், ஊருக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்று கையெழுத்திட்டுவிட்டு வந்து அன்றிரவு சோறு உண்ணவில்லை. அவ்விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் தீர்ப்பளித்தது. 1973-இல் நாடாளுமன்றம் அவற்றை நீக்கியது. விதி போயிற்று. ஆனால் ஒரு தாளில் எழுதுகின்ற ஒரு வரி ஒரு குடும்பத்தின் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை நான் அன்றே கற்றிருக்கவேண்டும்.

இனி என் பேத்தியின் கதைக்கு வருகின்றேன்.

என் மகள் இங்கே பிறந்து இங்கே படித்தவள். கணக்குத் துறையில் வேலை கிடைத்து ஐக்கிய அரபு அமீரகம் சென்றாள். அங்கே உடன் பணியாற்றிய ஓர் இளைஞரை விரும்பினாள். இலங்கை மலையகத் தமிழர். ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். 2014-இல் திருமணத்தை இங்கேயே நடத்தினோம். உங்களில் பலர் வந்து வாழ்த்தினீர்கள். 2016-இல் அமீரகத்தில் பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த மண்ணே குழந்தைக்கு நாடாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளைப் பார்த்து வந்த எண்ணம் அது. உலகின் எல்லா நாடுகளும் அப்படி அல்ல. அமீரகத்தில் வேற்று நாட்டவர்க்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிட்டாது. பிறப்புச் சான்றிதழ் மட்டும் தருவார்கள். குழந்தை பிறந்த 120 நாட்களுக்குள் அதற்கு வசிப்பு உரிமை பெறவேண்டும். தவறினால் நாள்கணக்கில் தண்டம். வசிப்பு உரிமை பெற வேண்டுமாயின் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வேண்டுமாயின் அதற்கு ஒரு நாடு வேண்டும். தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அறியாத சிசு நான்கு மாதத்துக்குள் நாட்டைத் தேடிக்கொள்ள வேண்டும்!

அந்நாடு இந்தியாவாக இருக்கலாமா? இருக்கலாம். நம் சட்டம் அதற்கு இடம் தருகின்றது. ஆனால் எப்பொழுதும் தந்ததில்லை. இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

நம் குடியுரிமைச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டது. அயல்நாட்டில் பிறந்த குழந்தை வழிமுறையால் இந்தியக் குடியாவதை அதன் நான்காம் பிரிவு கூறுகின்றது. தொடக்கத்தில் அப்பிரிவு ஒரே ஒருவரைத்தான் கேட்டது: தந்தை இந்தியக் குடிமகனா? ஆம் என்றால் குழந்தையும் இந்தியக் குடி. தாய் மட்டும் இந்தியராக இருந்தால் அது கணக்கில் வரவில்லை. நாட்டுக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் தாய்நாடு. பாட்டிலும் மேடையிலும் அன்னை என்றே அதனை விளித்தோம். அவ்வன்னையின் சட்டப் புத்தகத்தில் மட்டும் அன்னைக்கு இடமில்லாமல் முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1992 டிசம்பர் 10 முதல்தான் தாய், தந்தை இருவருள் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று சட்டம் திருந்தியது.

நம் நாட்டை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. பிரிட்டனில் 1983 ஜனவரி முதல் நாள் வரையில் தாய் தன் குடியுரிமையை அயல்நாட்டில் பிறந்த குழந்தைக்கு வழங்க முடியவில்லை. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் தந்தையையே கேட்டது; 2003-இல்தான் தாயையும் சேர்த்துக்கொண்டது. மலேசியத் தாய்மார்கள் அந்நாட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். 2021-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2024 அக்டோபரில் அந்நாட்டு மக்களவை தாய்க்கும் அவ்வுரிமையை அளிக்க அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. இப்போராட்டத்தில் நம்மினப் பெண்களுக்கும் நேர்ப்பங்கு உண்டு. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் இங்கே பெற்ற பிள்ளைகள் தாயின் ஊருக்கே விருந்தாளிகளாகத்தான் போய்வந்தனர்.

ஆக, 2016-இல் பிறந்த என் பேத்திக்கு என் மகள் வழியாக இந்தியக் குடியுரிமைக்கு வாயில் திறந்திருந்தது. ஆனால் அவ்வாயிலுக்கு ஒரு படியும் உண்டு. 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அயல்நாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிவு செய்தால்தான் குழந்தை இந்தியக் குடியாகும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் இசைவு பெற்ற பின்பே பதியலாம். அதோடு, குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி கூறவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதை அங்கேதான் திரும்பியது.

என் மகள் தாமதம் செய்யவில்லை. குழந்தை பிறந்த மூன்றாம் வாரமே விண்ணப்பத்தை நிரப்பினாள். தன் பாஸ்போர்ட், கணவர் பாஸ்போர்ட், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தாள். அலுவலர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். திருமணச் சான்றிதழில் நிறுத்தினார். "இதில் உள்ள பெண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ள பெண்ணும் ஒருவர்தானா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறு இல்லை. தவறு என்னுடையது.

நம் பெயர்களைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். முருகன் மகள் வள்ளி என்று ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் அவள் மு. வள்ளி. அத்துடன் கதை முடிந்தது. அவளே இந்த ஊரில் பள்ளியில் சேர்ந்தால், "இண்டி பேரு ஏமி?" என்று தெலுங்கு ஆசிரியர் கேட்பார். தெலுங்கர்க்கு வீட்டுப்பெயர் முன்னே வரும். நமக்கோ வீட்டுப்பெயர் என்று ஒன்று இல்லை. ஆகவே தகப்பனார் சற்று விழித்துவிட்டுத் தம் பாட்டனாரின் ஊர்ப்பெயரைச் சொல்லிவைப்பார். பள்ளிப் பதிவேட்டில் ஊரும் வள்ளியும் இருப்பர். முருகன் காணாமற் போவார். பாஸ்போர்ட்டு விண்ணப்பமோ இனிஷியல் என்னும் தலைப்பெழுத்தை ஏற்காது. விரித்து எழுது என்னும். முருகன் திரும்பி வருவார்; வள்ளிக்குக் குடும்பப்பெயராகவே ஆகிவிடுவார். மணமானபின் கணவர் பெயரும் வந்து ஒட்டிக்கொள்ளும். இலங்கைத் தமிழரோ தந்தை பெயரை முழுமையாக முன்னே எழுதித் தம் பெயரைப் பின்னே எழுதுவர். அராபிய எழுத்தில் இவற்றையெல்லாம் பெயர்த்து, அதிலிருந்து மறுபடியும் ஆங்கில எழுத்துக்குக் கொண்டுவந்தால் வள்ளி எத்தனை வள்ளியாவாள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகின்றேன். தமிழ்க் கடவுளுக்குக்கூட இரண்டு மனைவியர்தான்!

என் வாழ்நாள் முழுவதும் நான் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதை நீங்கள் அறிவீர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பெயர்களை என் கையால் எழுதியிருக்கின்றேன். "பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், ஆயுள் முழுக்க நிற்கும்" என்று எத்தனையோ பெற்றோரை அதட்டியும் இருக்கின்றேன். அப்படிப்பட்ட நான், என் மகளின் திருமணப் பதிவு விண்ணப்பத்தை நிரப்பியபொழுது, பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கச் சோம்பி, பள்ளிச் சான்றிதழில் இருந்தபடி நினைவிலிருந்து எழுதினேன். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை. இஃதோர் எழுத்துத்தானே என்று எண்ணினேன்.

அந்த எழுத்தைத் திருத்த ஆறு மாதம் ஆயிற்று. மணமக்கள் இருவரும் கடலுக்கு அப்பால், உறுதிப் பத்திரங்கள் அங்கிருந்து வரவேண்டும், வந்ததில் ஒரு முத்திரை குறைவு, திரும்ப அனுப்பவேண்டும். ஆறு மாதம் என்பது நம் சட்டத்தின் ஓராண்டுக்குள் அடங்கியதே. ஆனால் அமீரகத்தின் 120 நாட்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும் அன்றோ? குழந்தையின் தந்தையிடம் எல்லாத் தாள்களும் ஒழுங்காக இருந்தன. இலங்கைச் சட்டமும் நம் சட்டத்தைப் போன்றதே. அயல்நாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் அந்நாட்டுத் தூதரகத்தில் பதிந்தால் அது வழிமுறைக் குடியாகும். மாப்பிள்ளை தயங்கினார், என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. சம்பந்தி அவர்களிடம் பேசினேன்.

அவர் பேசியதை இங்கே சொல்வதற்கு முன் அவர் குடும்ப வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1948-இல் இலங்கை விடுதலை பெற்றபின் வந்த குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? இலட்சக்கணக்கான நம்மவர் ஒரே நாளில் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்றனர். 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும்பொழுது பித்தளைப் பாத்திரங்களை எண்ணுவார்களே, அப்படி மனிதரை எண்ணினார்கள்.

சம்பந்தியின் தமையனார் இந்தியக் குடியுரிமை பெற்றுத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தார். நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை. சம்பந்தியும் இந்தியாவுக்கே விண்ணப்பித்திருந்தார். அவர் விண்ணப்பம் முடிவாகுமுன் 1984-இல் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று. இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. மணம் செய்துகொண்டார்; பிள்ளைகளைப் பெற்றார்; பிள்ளைகளும் நாடற்றவராகவே பிறந்தனர். அப்படி எஞ்சியிருந்தவர்க்கு 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் குடியுரிமை அளித்தது. என் மாப்பிள்ளைக்கு மீசை அரும்பிய பின்பே நாடு கிடைத்தது.

சம்பந்தி அவர்கள் தொலைபேசியில் கோபமாகப் பேசவில்லை. "உங்கள் பேத்திதான், உங்கள் நாட்டுப் பிள்ளையாக வளர்ந்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று சொல்கின்றேன். எங்கள் குடும்பத்தில் பிறந்த அன்றைக்கே நாடு உள்ள பிள்ளை என்று இதுவரை எவரும் இல்லை. இந்தப் பிள்ளைதான் முதல். அந்தத் தாள் கையில் வராமல் ஒவ்வொரு நாளும் போவது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கின்றது" என்றார்.

இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? இரண்டு தூதரகங்களிலும் பதியாமல் காலம் கடந்தால் குழந்தை எந்த நாட்டின் குடியும் அன்று. பாட்டனாரின் நிலைக்கே பேத்தி திரும்பியிருப்பாள். அதுவும் என் கையெழுத்தால். மாப்பிள்ளையை அழைத்து, "பதியுங்கள்" என்றேன். நான்காம் மாதத்தில் இலங்கைப் பாஸ்போர்ட் வந்தது. ஆறாம் மாதத்தில் திருத்திய திருமணச் சான்றிதழ் இங்கே என் கைக்கு வந்தது. இனி வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதி கூற முடியாது. அச்சான்றிதழை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இந்தியாவோடு அவளுக்கு உறவே இல்லாமற் போய்விடவில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடி என்னும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கினோம். பெற்றோருள் ஒருவர் இந்தியராக இருந்தால் குழந்தைக்கு அதனைப் பெறும் தகுதி உண்டு. இதில் நம் நகரத்துக்கு ஒரு தொடர்பும் உண்டு. 2006 ஜனவரியில் பிரவாசி பாரதிய திவஸ் மாநாடு ஹைதராபாத்தில் நடந்தபொழுதுதான் பிரதமர் மன்மோகன் சிங் அவர்கள் அந்த அட்டைகளுள் முதலாவதை வழங்கினார். அந்த அட்டை உடையவர் வாழ்நாள் முழுவதும் விசா இன்றி வரலாம், தங்கலாம், படிக்கலாம். வாக்களிக்க முடியாது, விளைநிலம் வாங்க முடியாது, அரசுப் பணி பொதுவாகக் கிட்டாது. பெயரில் குடி என்ற சொல் இருக்கின்றதே என்று மயங்க வேண்டாம். குடியுரிமை வேறு, இது வேறு. பேத்தி கோடை விடுமுறைக்கு வருகின்றாள், மாமரத்தில் ஏறுகின்றாள், தெலுங்கில் இரண்டு வசைச்சொற்களையும் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. தேர்தல் நாளில் விரலில் மை வைத்துக்கொண்டு நான் திரும்பும்பொழுது எனக்குத்தான் தெரிகின்றது.

நாள் ஒன்று முன்பின் ஆனால் நாடு மாறிவிடும் என்பதற்கு நீதிமன்றங்களிலிருந்து இரண்டு வழக்குகளைச் சொல்கின்றேன். இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் 1986-இல் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண் குழந்தை பிறந்தது. வளர்ந்து பாஸ்போர்ட் கேட்டபொழுது மறுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளை, அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கப் பணித்தது. காரணம் எளிது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை முதல் நாளுக்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், இந்தியக் குடி. அதே முகாமில் அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாதம் உதவாது.

மற்றொன்று சிங்கப்பூர் வழக்கு. நம்மவர் ஒருவரும் அவர் மனைவியாரும், இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள், 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றனர். அப்பொழுது அம்மையார் கருவுற்றிருந்தார். 1999 மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது. அம்மகன் வளர்ந்து, என் பெற்றோர் இந்தியராக இருந்தவர்கள்தாமே, எனக்கு அக்குடியுரிமையை மீட்டுத் தாருங்கள் என்றான். சென்னை உயர் நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபர் 18-இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. முறைப்படி இந்தியக் குடியுரிமையைத் துறந்தவரின் பிள்ளைகள் வயது வந்தபின் ஓராண்டுக்குள் அதனை மீளப் பெறலாம் என்று ஒரு விதி உண்டு. இப்பெற்றோரோ துறக்கவில்லை, வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை தானாக நீங்கிவிட்டது, ஆகவே அவ்விதி பொருந்தாது என்பது தீர்ப்பு. தாய் வயிற்றில் இருந்த காலத்தில் ஒரு கையெழுத்து. கால் நூற்றாண்டு கழித்து அதன் பொருள்! உங்கள் பிள்ளைகள் அயல்நாட்டுக் குடியுரிமை பெறப்போவதாகச் சொன்னால், வீட்டில் குழந்தை பிறக்கவிருக்கின்றதா என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரம் ஆகின்றது, சமையற்கட்டிலிருந்து பாயச மணமும் வருகின்றது. நீங்கள் வீடு திரும்பியதும் செய்யவேண்டியதை மட்டும் சொல்லிவிடுகின்றேன். மகனுடைய மகளுடைய பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை, பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் இவற்றை ஒரே மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பனார் பெயர், தாயார் பெயர் இவற்றையும் பாருங்கள். நம் வீடுகளில் மனைவியின் பெயர்தான் தாளுக்குத் தாள் மாறியிருக்கும். திருமணம் கோயிலில் நடந்தது, ஊரே பார்த்தது என்று இருந்துவிடாமல் பதிவு செய்யுங்கள். 2006-இலேயே உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதியவேண்டும் என்று பணித்துவிட்டது. பிழை இருந்தால் திருத்தவேண்டிய இடம் இங்கே, இந்த ஊரில். திருத்தவேண்டிய காலம் பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்.

மாப்பிள்ளையோ மருமகளோ வேற்று நாட்டவராயின், குழந்தை எந்த நாட்டில் பதியப்பட வேண்டும் என்பதைச் சீமந்தத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். சம்பந்திகளையும் கேளுங்கள். அவர்களுக்கும் ஒரு நாடு உண்டு. அது எப்படிக் கிடைத்தது என்பதும் உண்டு. சில நாடுகளின் சட்டம், பதிந்தாலும் பதியாவிட்டாலும், குழந்தையைத் தன் குடியாகவே கொள்ளும். அத்தகைய குழந்தை இந்தியக் குடியாகவும் பதியப்பட்டிருந்தால், பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறவாவிட்டால் இந்தியக் குடியுரிமை நீங்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கல்லூரி நினைவிருக்குமே தவிர இந்த நாள் நினைவிருக்காது. தாத்தா பாட்டி நாட்குறிப்பில் எழுதி வைக்கலாம்.

கடைசியாக ஒரு செய்தி. என் மகள் மறுபடியும் தாயாகப் போகின்றாள். தை மாதத்தில் எதிர்பார்க்கின்றோம். சென்ற வாரம் சம்பந்தி அவர்கள் தாமாகவே அழைத்தார். "இந்தப் பிள்ளையை உங்கள் நாட்டில் பதிந்துகொள்ளுங்கள்" என்றார். அக்காள் ஒரு நாடு, தம்பியோ தங்கையோ மற்றொரு நாடு என்று ஆகிவிடுமே என்றேன். "அண்ணன் நீலகிரியில், நான் இங்கே. நாங்கள் அப்படித்தானே இருக்கின்றோம்? எங்களை எவரும் கேட்கவில்லை. நீங்கள் என்னைக் கேட்கின்றீர்கள்" என்றார்.

திருத்திய திருமணச் சான்றிதழை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். மகளின் பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி அணிந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒத்திருந்தது. மறுநாளே விரைவஞ்சலில் அனுப்பிவிட்டேன்.